மூளை துருப்பிடிக்குமா?

எளிய கணக்கு ஒன்றுக்கு விடை தெரியாமல் விழிக்கும் மாணவனைப் பார்த்து, "என்னப்பா, மூளை துருப்பிடித்துப் போயிற்றா?" என்று ஆசிரியர் கேட்பது நம் பள்ளிகளில் வழக்கம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் வாரத்தில் இந்தக் கேள்வி சற்று அதிகமாகவே காதில் விழும். கேட்கிறவரும் கேட்கப்படுகிறவரும் இதை வெறும் பேச்சாகவே எடுத்துக் கொள்கிறார்கள். ஆனால், துருப்பிடிக்க என்னென்ன வேண்டும் என்று சற்று எண்ணிப் பாருங்கள். இரும்பு வேண்டும், நீர் வேண்டும், பிராணவாயு வேண்டும். மூளையில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். உடலின் எடையில் 100-க்கு 2 பங்கே உள்ள மூளை, நாம் உட்கொள்ளும் பிராணவாயுவில் 100-க்கு 20 பங்கைத் தானே செலவிட்டு விடுகிறது. இரும்பும் அங்கே தாராளமாக இருக்கிறது. மூன்றும் ஓரிடத்தில் கூடியிருந்தும், நம்மில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் ஏன் ஒன்றும் ஆவதில்லை? சிலருக்கு மட்டும் ஏன் ஆகிவிடுகிறது? இதற்கு விடை காண விருதுநகர் மாவட்டத்திலிருந்து புறப்படுவது நல்லது. இரும்பும் பிராணவாயுவும் சந்திப்பதை அந்த வட்டாரத்தார் அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

கம்பி மத்தாப்பின் பொன்னிறம்

சிவகாசியைச் சுற்றியுள்ள ஊர்களில் கம்பி மத்தாப்பு செய்யும் இடங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். கம்பிகளை அளவாக வெட்டி, சட்டத்தில் வரிசையாகச் செருகி, கூழ் போன்ற மருந்தில் முக்கி எடுத்து வெயிலில் காய வைப்பார்கள். அந்த மருந்தில் அலுமினியத் தூள், இரும்புத் தூள், பசை, பிராணவாயுவைத் தரும் உப்பு ஒன்று ஆகியவை கலந்திருக்கும். நெடுங்காலம் அந்த உப்பு பேரியம் நைட்ரேட்டாக இருந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்தக் கூடாது எனத் தடை விதித்த பிறகு, அதற்கு மாற்றுத் தேட வேண்டியதாயிற்று. அது வேறு கதை. நமக்கு இங்கே வேண்டியது இரும்புத் தூள்தான். மத்தாப்பின் வெண்மையான ஒளி அலுமினியம் எரிவதால் வருவது. பூப்பூவாகச் சிதறும் பொன்னிறப் பொறிகள் இரும்பு எரிவதால் வருபவை. சாணை பிடிக்கும் கல்லில் கத்தியை வைத்ததும் பறக்கும் பொறிகளும் இதே இனத்தவை.

இரும்பு எரிவதும் இரும்பு துருப்பிடிப்பதும் அடிப்படையில் ஒன்றே. இரண்டிலும் இரும்பு தன் எலக்ட்ரான்களைப் பிராணவாயுவுக்குக் கொடுத்து விடுகிறது. இதைத்தான் ஆக்சிஜனேற்றம் என்று பாடத்தில் படிக்கிறீர்கள். தூளாக்கிச் சூடேற்றினால் ஒரு நொடியில் நடந்து முடிவது, கிணற்று உருளையில் பல ஆண்டுகள் எடுத்துக் கொள்கிறது.

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக் கொண்டு நீங்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பழைய பீங்கான் தட்டு ஒன்றுக்கு மேல் கம்பி மத்தாப்பைப் பிடித்து எரிய விடுங்கள். நன்றாக ஆறிய பிறகு, காந்தம் ஒன்றைத் தாளில் சுற்றித் தட்டின் மேல் நகர்த்துங்கள். கரிய துகள்கள் சில தாவி வந்து ஒட்டிக் கொள்ளும். அவற்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பல துகள்கள் உருண்டையாக இருப்பது தெரியும். இரும்பு உருகித் துளியாகி, பறக்கும்போதே இறுகியதன் அடையாளம் அந்த உருண்டை வடிவம். எரிந்த இரும்பில் ஒரு பகுதி, காந்தக் கல்லில் உள்ள அதே ஆக்சைடாக மாறியிருக்கும். இந்த உருண்டைகளை மறந்து விடாதீர்கள். பின்னால் அவற்றை எதிர்பாராத ஓரிடத்தில் சந்திக்கப் போகிறோம்.

பட்டாசு செய்யும் கலையில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. இரும்புத் தூளை அப்படியே மருந்தில் கலந்தால், கலவையிலுள்ள ஈரமும் உப்பும் சேர்ந்து அதைத் துருவாக்கி விடும். பிறகு பொறி பறக்காது. ஆகவே தூளின் மேல் ஆளிவிதை எண்ணெயையோ மெழுகையோ மெல்லிய போர்வையாகப் பூசி விடுவார்கள். இரும்பைப் போர்த்தி வைக்க வேண்டும் என்று நம் உடலும் அறிந்திருக்கிறது.

எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கல்

நன்கு வளர்ந்த ஒருவர் உடலில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. ஒரு சிறிய ஆணி செய்யத்தான் அது போதும். அதில் மூன்றில் இரண்டு பங்கு இரத்தத்தின் ஹீமோகுளோபினில் அடங்கி விடுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதியை வைத்துக் கொண்டு மூளை பல வேலைகளைச் செய்து கொள்கிறது. நரம்பு இழைகளுக்கு உறை போடவும், உணவிலிருந்து ஆற்றல் எடுக்கவும், நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமின் போன்ற பொருள்களை உண்டாக்கவும் இரும்பு தேவை. குழந்தைப் பருவத்தில் இரும்பு மிகவும் குறைந்து போனால் கற்றலும் நினைவாற்றலும் பின்தங்குகின்றன.

இத்தனை வேலைகளுக்கும் இரும்பு ஏற்றதாக இருப்பதற்கு ஒரே ஒரு குணமே காரணம். ஃபெர்ரஸ், ஃபெர்ரிக் என்னும் இரண்டு நிலைகளுக்கிடையே அது எளிதில் போய்வர வல்லது. ஃபெர்ரஸ் ஓர் எலக்ட்ரானைக் கொடுத்தால் ஃபெர்ரிக் ஆகிறது. ஓர் எலக்ட்ரானைப் பெற்றுக் கொண்டால் மீண்டும் ஃபெர்ரஸ் ஆகிறது. கடைத்தெருவில் சில்லறை மாற்றித் தருபவரைப் போல, வாங்குவதும் கொடுப்பதுமே அதன் தொழில். ஆனால் யாருக்குக் கொடுக்கிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

இதை முதலில் கவனித்தவர் மூளையைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஹென்றி ஃபென்டன் என்ற ஆங்கிலேயர், கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த போது, 1876-இல் டார்டாரிக் அமிலத்தைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். டார்டாரிக் அமிலம் நமக்கு அயலார் அல்லர். நம் வீட்டுப் புளிக்குப் புளிப்பைத் தருவதே அதுதான். அந்த அமிலக் கரைசலில் சிறிது ஃபெர்ரஸ் உப்பையும், பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்து, காரம் ஒன்றை ஊற்றினார். அழகிய ஊதா நிறம் தோன்றியது. ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டும் தனியே இருந்தால் டார்டாரிக் அமிலத்தை அவ்வளவு எளிதில் தாக்குவதில்லை. இரும்பு சேர்ந்ததும் கதை மாறிவிடுகிறது. அதற்குக் கடுகளவு இரும்பே போதும் என்றும் அவர் கண்டார். விரிவான கட்டுரையை 1894-இல் வெளியிட்டார். இன்றும் இந்த வினைக்கு ஃபென்டன் வினை என்றே பெயர்.

அந்தக் குடுவையில் நடந்தது என்ன? ஃபெர்ரஸ் இரும்பு தன் எலக்ட்ரானைப் பெராக்சைடுக்குக் கொடுக்கிறது. பெராக்சைடு மூலக்கூறு இரண்டாக உடைகிறது. ஒரு பாதி சாதுவான ஹைட்ராக்சைடு அயனி. மறுபாதி ஹைட்ராக்சில் என்னும் தனி உறுப்பு. அணுக்களில் எலக்ட்ரான்கள் சோடி சோடியாக இருப்பதையே விரும்பும். சோடி இழந்த எலக்ட்ரானுடன் திரிகிற துண்டையே வேதியியலார் தனி உறுப்பு என்கிறார்கள். அது அருகில் கிடைக்கும் எதனிடமிருந்தும் ஓர் எலக்ட்ரானைப் பறித்துத் தன் சோடியைச் சேர்த்துக் கொள்ளும். ஹைட்ராக்சில் தனி உறுப்போ அவற்றுள் மிகவும் முரடானது. ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஓரிரு பங்கு நேரமே அது உயிர் வாழ்கிறது. அதற்குள் எதையாவது தாக்கிவிடும். பல நச்சுப் பொருள்களுக்கு மாற்று மருந்து உண்டு. இதற்கு அப்படி ஒன்று கிடையாது. ஏனெனில் எந்த நொதியாலும் அந்த வேகத்தில் ஓடிப் பிடிக்க முடியாது.

ஃபென்டனின் குடுவையில் இருந்த பொருள்கள் மூளையிலும் உண்டா? உண்டு. பிராணவாயு செலவாகும் இடமெல்லாம் சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிக் கொண்டே இருக்கும். புண்ணில் இதை ஊற்றினால் நுரைக்கிறதல்லவா? இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள காடலேஸ் என்னும் நொதி அதை நீராகவும் பிராணவாயுவாகவும் உடைப்பதால்தான் நுரைக்கிறது. உயிரணுக்களில் இதைப் போன்ற காவலர்கள் உண்டு. ஆனால் காவலர் வந்து சேருமுன் பெராக்சைடு தனித்துத் திரியும் ஃபெர்ரஸ் இரும்பைச் சந்தித்து விட்டால் ஹைட்ராக்சில் பிறந்து விடும்.

மத்தாப்புக்கும் மூளைக்கும் உள்ள முக்கிய வேறுபாட்டை இங்கே குறித்துக் கொள்ளுங்கள். மத்தாப்பில் இரும்பே எரிபொருள். எரிந்தால் தீர்ந்து போகும். மூளையில் இரும்பு தீர்வதில்லை. எலக்ட்ரானைக் கொடுத்து ஃபெர்ரிக் ஆன இரும்புக்கு உயிரணுவில் உள்ள வேறு பொருள்கள் எலக்ட்ரான் கொடுத்து மீண்டும் ஃபெர்ரஸ் ஆக்கி விடுகின்றன. அது மறுபடியும் அதே வேலையைத் தொடங்குகிறது. இரும்பு இங்கே வினையூக்கி. எரிவது வேறு பொருள்.

எரிவது எது?

எரிவது கொழுப்பு. மூளையின் உலர்ந்த எடையில் பாதிக்குமேல் கொழுப்புப் பொருள்களே. அவற்றில் பல, இரட்டைப் பிணைப்புகள் நிறைந்த கொழுப்பு அமிலங்களால் ஆனவை. மீன் எண்ணெயில் இருப்பதும் இந்த வகைதான். திறந்து வைத்த எண்ணெய் சில வாரங்களில் காறிப் போவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். அந்தக் காறல் வாடை, பிராணவாயு எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கியதன் விளைவு. துருப்பிடித்த தகர டப்பாவில் ஊற்றி வைத்த எண்ணெய் விரைவில் காறிப் போகும். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்.

ஹைட்ராக்சில் ஒரு கொழுப்பு மூலக்கூற்றிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கிறது. பறிகொடுத்த மூலக்கூறு தானே ஒரு தனி உறுப்பாகி, பிராணவாயுவைச் சேர்த்துக் கொண்டு, பக்கத்து மூலக்கூற்றிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கிறது. அது அடுத்ததிலிருந்து பறிக்கிறது. இப்படி ஒரே ஒரு பொறியிலிருந்து நெடுந்தொலைவு தொடர்வினை ஓடும். உயிரணுவின் சுவரே கொழுப்பால் ஆன மெல்லிய படலம் ஆகையால், தொடர்வினை ஓடிய இடத்தில் சுவர் ஒழுகத் தொடங்குகிறது. முடிவில் உயிரணு இறக்கிறது. இரும்பால் கொழுப்பு எரிந்து உயிரணு மடியும் இந்த வகைச் சாவுக்கு, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரென்ட் ஸ்டாக்வெல் குழுவினர் 2012-இல் ஃபெரோப்டோசிஸ் என்று பெயரிட்டனர்.

தொடர்வினை என்றால் என்னவென்று சிவகாசி வட்டாரத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. பட்டாசுத் தொழிற்சாலையை ஒரே பெரிய கட்டடமாக யாரும் கட்டுவதில்லை. பொட்டல்வெளியில் சிறு சிறு அறைகள் தள்ளித் தள்ளி நிற்கும். ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைத்துக் கொள்ளலாம் என்று விதி உண்டு. ஓர் அறையில் தீப்பற்றினாலும் அடுத்த அறைக்குப் பாயாதிருக்கவே இந்த இடைவெளி. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போன விபத்தில், ஓரிடத்தில் பற்றிய தீ மற்ற இடங்களுக்கும் தாவியது. இடைவெளி என்பது அங்கே அலங்காரமில்லை. மூளையின் கொழுப்புப் படலத்தில் அத்தகைய இடைவெளி கிடையாது. மூலக்கூறுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அதனால் அங்கங்கே வைட்டமின் ஈ மூலக்கூறுகள் செருகப்பட்டிருக்கின்றன. ஓடி வரும் தொடர்வினைக்கு அவை தம் ஹைட்ரஜனைத் தாமே கொடுத்து அதை அணைத்து விடுகின்றன.

தீப்பெட்டியின் இரகசியம்

இதைவிட நல்ல ஏற்பாடு ஒன்றும் உடலில் உண்டு. அதைப் புரிந்து கொள்ளச் சிவகாசியின் மூத்த தொழிலைப் பார்க்க வேண்டும். 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று வந்தார்கள். பட்டாசுக்கு முன்பே அந்த ஊரில் வேர்விட்டது தீப்பெட்டிதான். தீக்குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், கந்தகம் முதலியவை. பெட்டியின் பக்கத்தில் பூசியிருப்பது சிவப்புப் பாஸ்வரம். குளோரேட்டும் பாஸ்வரமும் ஒன்றையொன்று தொட்டு உரசினால் பற்றிக் கொள்ளும். ஒரே பெட்டியில், அரை அங்குல தூரத்தில், இரண்டும் ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருக்கின்றன. பிரித்து வைத்திருப்பதுதான் அந்தப் பெட்டியின் முழு இரகசியமும்.

உடலும் இரும்பை இப்படியே பிரித்து வைக்கிறது. இரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் இரும்பைச் சுமக்கிறது. ஒரு மூலக்கூற்றில் இரண்டே இரும்பு அணுக்களுக்கு இடம். உயிரணுவுக்குள் ஃபெரிட்டின் என்னும் புரதம் இருக்கிறது. 24 துண்டுகள் சேர்ந்த உருண்டையான கூடு அது. உள்ளே வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் ஏறத்தாழ 4,500 இரும்பு அணுக்கள் வரை அடுக்கி வைக்கலாம். அடுக்கப்படும் இரும்பு ஃபெர்ரிக் நிலையில், ஏறக்குறைய துருவைப் போன்ற ஒரு திண்மமாக இருக்கிறது. ஆம், நம் மூளையில் துரு உண்டு. பெட்டிக்குள் பூட்டிய துரு. அது தீங்கு செய்வதில்லை. பெட்டிக்கு வெளியே ஃபெர்ரஸ் நிலையில் திரியும் இரும்பே ஃபென்டனின் குடுவையைத் திறக்கிறது.

பெட்டி பழுதானால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் வடமேற்கில் கம்பிரியா என்னும் பகுதியில் சில குடும்பங்களில், நடுவயதில் கை கால்கள் தம் விருப்பமின்றி அசையும் நோய் தலைமுறை தலைமுறையாக வந்து கொண்டிருந்தது. 2001-இல் அதன் காரணம் தெரிந்தது. ஃபெரிட்டினின் ஒரு துண்டை உண்டாக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து கூடுதலாகப் புகுந்திருந்தது. அதனால் கூட்டின் சுவரில் பிசகு ஏற்பட்டு, இரும்பு சரியாகப் பூட்டப்படாமல் போயிற்று. அவர்கள் எல்லாரையும் போலவே உண்டார்கள்; உணவில் இரும்பு மிகுந்திருக்கவில்லை.

புலியின் கண்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஃபெர்ரிக் உப்போடு பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடைச் சேர்த்தால் ஆழ்ந்த நீலம் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இதே சோதனையை மூளைத் துண்டின் மேல் செய்து பார்த்தவர்கள் உண்டு. 1922-இல் ஹ்யூகோ ஸ்பாட்ஸ் என்ற ஜெர்மானியர், மூளை முழுவதும் ஒரே சீராக நீலமாவதில்லை, அடிப்பகுதியில் உள்ள சில முடிச்சுகள் மட்டும் அழுத்தமாக நீலமாகின்றன என்று காட்டினார். அந்த முடிச்சுகள் நம் அசைவுகளைச் சீர்படுத்துபவை. 1958-இல் சுவீடனைச் சேர்ந்த ஹால்கிரென், சுரான்டர் இருவரும், பல வயதினரின் மூளைகளில் இரும்பை அளந்தார்கள். பிறந்த குழந்தையின் மூளையில் மிகக் குறைவு, முதல் இருபது முப்பது ஆண்டுகளில் விரைவாக ஏறுகிறது, பின்னர் மெதுவாகிறது. குளோபஸ் பாலிடஸ் என்னும் முடிச்சில் 100 கிராம் திசுவுக்கு ஏறத்தாழ 21 மில்லிகிராம் இரும்பு இருந்தது. இரும்பின் கிடங்கு என்று நாம் படிக்கும் கல்லீரலில்கூட அவர்கள் கண்டது இதைவிடக் குறைவே.

அதே 1922-இல் ஸ்பாட்ஸும் ஹாலர்வோர்டனும் சேர்ந்து, இந்த முடிச்சில் அளவு கடந்து இரும்பு சேரும் ஒரு குழந்தைப் பருவ நோயை விவரித்தார்கள். நோய்க்கு அவர்கள் பெயரே நெடுநாள் வழங்கி வந்தது. பின்னாளில், நாஜி ஆட்சியில் கொல்லப்பட்ட நோயாளிகளின் மூளைகளை ஹாலர்வோர்டன் ஆராய்ச்சிக்குப் பெற்றுக் கொண்டார் என்பது வெளிப்பட்டது. அறிவியல் உலகம் அந்தப் பெயரைக் கைவிட்டது. சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும். பான்டோதெனிக் அமிலம் என்னும் வைட்டமினைக் கையாளும் ஒரு மரபணுவின் பிழையே அந்த நோய்க்குக் காரணம் என்று 2001-இல் கண்டறியப்பட்டதால், இப்போது அந்த மரபணுவின் பெயரையொட்டியே நோயை அழைக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. படத்தில் இரும்பு சேர்ந்த இடம் கருமையாகவும், அதன் நடுவே சிதைந்த திசு வெண்புள்ளியாகவும் தெரியும். பார்ப்பதற்கு இருட்டில் மின்னும் புலியின் கண்ணைப் போல இருப்பதால் மருத்துவர்கள் அதற்குப் புலிக்கண் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இவையெல்லாம் அரிய நோய்கள். பலருக்கும் வரும் நோய் ஒன்று உண்டு. முதியவர்களுக்குக் கை நடுங்குவதும், நடை தளர்ந்து உடல் இறுகுவதும் ஆகிய பார்க்கின்சன் நோய். நடுமூளையில் கருநிறமான சிறு பகுதி ஒன்று இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமினை உண்டாக்குகின்றன. நோய் வெளிப்படும் நேரத்தில் அவற்றில் ஏறத்தாழப் பாதி இறந்திருக்கும். டோபமின் சிதையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. பக்கத்திலேயே இரும்பும் குவிந்திருக்கிறது. அந்தப் பகுதியின் கருமைக்குக் காரணமான நியூரோமெலனின் என்னும் நிறமியும் இரும்பைப் பிடித்து வைத்துக் கொள்ளும் ஒரு பெட்டியே. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் இந்த இடத்தில் இரும்பு கூடுதலாக இருப்பதை 1980-களில் பல நாட்டு ஆய்வாளர்கள் அளந்து காட்டினர்.

அப்படியானால் இரும்பை வெளியேற்றினால் நோய் தணியுமே என்று உங்களுக்குத் தோன்றும். அறிஞர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. தாலசீமியா நோயாளிகளுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்றுவதால் உடலில் சேரும் இரும்பை நீக்க டெஃபெரிப்ரோன் என்னும் மருந்து இருக்கிறது. உலகிலேயே முதன்முதலில் இந்தியாவில்தான், 1990-களின் நடுவில், அதற்கு அனுமதி கிடைத்தது. அது மூளைக்குள்ளும் நுழைய வல்லது. ஐரோப்பாவில் 372 பார்க்கின்சன் நோயாளிகளைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2022-இல் வெளிவந்தது. 36 வாரம் மருந்து உண்டவர்களின் மூளையில் இரும்பு குறைந்தது. ஆனால் நோய் தணியவில்லை. வெறும் மாத்திரை உண்டவர்களைவிட அவர்கள் நிலை மோசமாயிற்று!

ஏன்? டோபமின் உண்டாகும் வழியில் முதல் படி, டைரோசினை எல்-டோபா ஆக்குவது. அந்தப் படியைச் செய்யும் நொதிக்கு இரும்பு இல்லாமல் வேலை ஓடாது. எஞ்சியிருந்த நரம்பணுக்களின் கையிலிருந்த இரும்பையும் மருந்து எடுத்துக் கொண்டது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பெட்டிக்கு வெளியே திரியும் இரும்பை மட்டும் எடுத்து, வேலையில் இருக்கும் இரும்பைத் தொடாமல் விடும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. இரும்பு சேர்வதால் அணுக்கள் சாகின்றனவா, அணுக்கள் நலிவதால் இரும்பு சேர்கிறதா என்ற வழக்கும் தீர்ந்தபாடில்லை. இடையில் ஒரு செய்தி: நோயாளிகளுக்கு இன்று கொடுக்கப்படும் எல்-டோபா, நம் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலும் உண்டு. அதை 1937-இல் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தின் தாமோதரனும் இராமசாமியும் ஆவர். அப்போது அதன் மருத்துவப் பயன் யாருக்கும் தெரியாது.

மத்தாப்பின் உருண்டைத் துகள்களை இப்போது நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். 2016-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா மாஹரும் அவர் குழுவினரும், மெக்சிகோ நகரிலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்து இறந்த 37 பேரின் மூளைத் திசுவை ஆராய்ந்தனர். அதில் காந்தக் கல் ஆக்சைடின் மிக நுண்ணிய துகள்கள் இருந்தன. உடலில் இயல்பாக உண்டாகும் காந்தத் துகள்கள் படிகம்போல் கூர்முனை கொண்டவை. இவற்றில் பலவோ உருண்டையானவை. உயர்ந்த வெப்பத்தில் உருகி இறுகியவை என்று அந்த வடிவமே சொல்லியது. வாகனப் புகை போன்றவற்றிலிருந்து காற்றில் கலந்து, மூக்கின் மோப்ப நரம்பு வழியே அவை உள்ளே சென்றிருக்கக் கூடும் என்பது அவர்கள் கருத்து. இதைப் படித்துவிட்டு, மத்தாப்பு கொளுத்தினால் மூளை கெடும் என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். உங்கள் காந்தத்தில் ஒட்டிய துகள்கள் மோப்ப நரம்பில் நுழைய முடியாத அளவுக்குப் பெரியவை. மூளையில் கண்ட நுண்துகள்கள் நோயை உண்டாக்கின என்பதும் நிறுவப்படவில்லை. ஆனாலும், புகையை நேராக மூக்கில் வாங்காமல் காற்றுப் போக்கைப் பார்த்து நிற்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

நீல மாத்திரை

இனி உங்களை நேரடியாகத் தொடும் விஷயத்துக்கு வருவோம். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கப்படும் நீல நிற மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. "இரும்பு மூளையைக் கெடுக்கும் என்று படித்தேன், இனி விழுங்க மாட்டேன்" என்று யாராவது சொல்லக் கூடும். அப்படிச் சொன்னால் அது பெரும் பிழை. 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. நம் நாட்டின் கவலை இரும்பு மிகுதியன்று, குறைவு. நாம் பார்த்த நோய்களில் எதுவும் இரும்பு மாத்திரை உண்டதால் வந்ததன்று. குடலில் ஒரு காவல், மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரில் மற்றொரு காவல் என்று இரண்டு வாயில்களைத் தாண்டியே இரும்பு மூளைக்குள் போக வேண்டும். குடலின் வாயில் நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் அளவே உள்ளே விடுகிறது. உடலில் இரும்பு குறைந்திருந்தால் சற்றுக் கூடுதலாக விடும்.

ஆனால் அந்த வாயிலை உடைக்கவும் முடியும். 2023 மார்ச்சில் உதகமண்டலத்தில் பள்ளி மாணவ மாணவியர் சிலர், யார் அதிகம் விழுங்குவது என்று போட்டி போட்டுக் கொண்டு இந்த மாத்திரைகளை அள்ளி விழுங்கினர். ஒரு மாணவி கல்லீரல் பழுதாகி உயிரிழந்தார். சாதாரண நேரத்தில் இரத்தத்தின் டிரான்ஸ்ஃபெரினில் மூன்றில் ஒரு பங்கு இடம்தான் நிரம்பியிருக்கும். பல மாத்திரைகள் ஒரே நேரத்தில் உள்ளே போனால் குடலின் உட்சுவர் புண்ணாகி, இரும்பு வெள்ளமாக நுழைந்து, எல்லா இடமும் நிரம்பி, சுமப்பாரற்ற இரும்பு முதலில் கல்லீரலில் போய் விழுகிறது. அங்கே நடப்பதும் ஃபென்டன் கண்ட அதே வினைதான். விட்டுப்போன வாரங்களுக்கு ஈடாக இரண்டு மூன்றைச் சேர்த்து விழுங்குவதும் கூடாது. வண்ண மிட்டாயைப் போலத் தோன்றும் இந்த மாத்திரைகளை வீட்டிலுள்ள தம்பி தங்கையரின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இந்த மாத்திரையில் பெரும்பாலும் இருப்பது ஃபெர்ரஸ் சல்பேட். நாட்டு மருந்துக் கடையில் அதற்கு அன்னபேதி என்று பெயர். சித்த மருத்துவர்கள் இரத்தசோகைக்குத் தரும் அன்னபேதிச் செந்தூரம் இதிலிருந்து செய்யப்படுவதே. நம் பாட்டனார் காலத்தில் அன்னபேதியைக் கடுக்காய்ச் சாற்றில் கலந்து எழுதும் மை தயாரித்தார்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக் கொள்வதால் கருமை உண்டாகிறது. அதே இனத்துத் துவர்ப்புப் பொருள் தேநீரிலும் இருக்கிறது. மாத்திரை போட்ட கையோடு தேநீர் குடித்தால் வயிற்றுக்குள் மைதான் தயாராகும். அந்த இரும்பில் பெரும்பகுதி உடலில் சேராமலே வெளியேறி விடும். எலுமிச்சைச் சாறு சேர்த்தாலோ இதற்கு நேர்மாறு. அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை ஃபெர்ரஸ் நிலையிலேயே நிறுத்தி வைத்துக் குடல் வாயிலைத் தாண்ட உதவுகிறது. மதிய உணவுக்குப் பின் மாத்திரை, தேநீர் ஓரிரண்டு மணி நேரம் கழித்து என்று வைத்துக் கொண்டால் போதும்.